தோல் இல்லாத பறை

எங்கள் வீட்டில் மேளச் சத்தம் ஆகாது. டிவியில் சினிமாப் பாட்டு ஓடும்போது மேளம் கொஞ்சம் தூக்கலாக வந்தால் அப்பா ரிமோட்டைத் தேடுவார். ஊரில் மாரியம்மன் திருவிழா என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூதலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, எல்லாம் அடங்கிய பிறகு வருவார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு, நான் சோற்றுக்குச் செய்கிற வேலை கம்ப்யூட்டரில் மேளச் சத்தம் உண்டாக்குவது. இதைத் தலைவிதி என்று சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. அவர் கணக்கு வாத்தியார்.

தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கதவு அறைபடும் சத்தம், குதிரை ஓடும் சத்தம், போர் முரசு, எல்லாம் எங்கள் பிரிவில்தான் தயாராகும். பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள், ஊருக்கு வந்துவிட்டேன். மாடி அறையில் ஒரு பழைய லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஹெட்போன். ஹெட்போன் காதில் இருக்கிறவரைக்கும் அப்பாவுக்கு ஆட்சேபணை கிடையாது. "உள்ளுக்குள்ள எதை வேணா கேட்டுக்க. வெளிய வராம பாத்துக்க, அவ்வளவுதான்" என்பார். அம்மா விடமாட்டாள். "காதுக்குள்ள பேய் ஓட்டுறா உங்க பொண்ணு. அந்தப் பேய்க்கு வெளிய வர வழி தெரியாது, பயப்படாதீங்க."

அப்பாவுக்கு ஏன் மேளம் ஆகாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கதை விடுகிற பொறுமை எனக்குக் கிடையாது, கோபம் மூக்கு நுனியில் இருக்கிறவள் நான். அவருடைய அப்பா பறையடித்தவர். ஆசைப்பட்டு அடித்தவர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய தெருவில் சாவு விழுந்தால் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். வந்தவன் தெருமுனையிலேயே நின்று குரல் கொடுப்பான். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, காய்ச்சலில் கிடந்தாலும் சரி, எழுந்து போக வேண்டும். பாடைக்கு முன்னால் சுடுகாடு வரைக்கும் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். வரமுடியாது என்று சொல்லுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லவே இல்லை.

அப்பா காலேஜில் சேர்ந்த வருஷம் பெரிய வீட்டில் ஒரு கிழவர் செத்தார். பெரிய வீடு என்றால், எங்கள் சுற்றுவட்டார நிலத்தில் பாதி அன்றைக்கு அவர்களுடையது. தாத்தா வாசலில் வைக்கோல் தீ மூட்டிப் பறைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். தோல் காய்ந்து இறுகினால்தான் சத்தம் எழும். அவர் துண்டு எடுக்க உள்ளே போன நேரத்தில் அப்பா பறையை எடுத்துத் தீயிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். தோல் வெடித்தது. அந்தப் பறை போட்ட சத்தத்திலேயே பெரிய சத்தம் அதுதான் என்று அப்பா ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். கூப்பிட வந்தவனிடம் அவரே போய், "எங்க வீட்லேர்ந்து இனிமே சாவுக்கு மேளம் வராது" என்று சொன்னாராம். மீசை சரியாக முளைக்காத வயசு.

அந்தச் சம்பாவுக்கு எங்கள் வீட்டு ஆள் ஒருவரையும் நடவுக்குக் கூப்பிடவில்லை. அறுப்புக்கும் கூப்பிடவில்லை. தாத்தாவும் அத்தைகளும் விடியுமுன் கிளம்பி, புது ஆற்றுக் கால்வாயைத் தாண்டி, முகம் தெரியாத ஊர்களில் போய் நாற்றுப் பறித்தார்கள். தாத்தா அப்பாவைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. பறையை மட்டும் மறுபடி கட்டவில்லை. பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகச் சாவுக்கு அடிப்பதை விட்டார்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறார், கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், சொந்த வயலில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாவுக்குப் பறையடிக்க ஒருவர் கிடையாது. அப்பா தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றவர். ஆனால் வாழ்க்கையில் என்ன சம்பாதித்தீர்கள் என்று கேட்டால் வீட்டையும் காட்டமாட்டார், வேலையையும் காட்டமாட்டார். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவார்.

இப்படி இருக்கையில் ஒரு ஆடி மாதம் சவுண்டு சர்வீஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கடைத்தெருவில் மைக் செட், லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். அப்பாவிடம் படித்தவர். இன்றும் அப்பாவைக் கண்டால் மடித்துக் கட்டிய கைலியை அவசரமாக இறக்கிவிடுவார். புதிதாக ஒரு எலக்ட்ரானிக் பேட் வாங்கியிருந்தார். ரப்பர் ஒட்டிய பலகை மாதிரி இருக்கும். குச்சியால் தட்டினால் அதற்குள் ஏற்றி வைத்திருக்கிற சத்தம் ஸ்பீக்கரில் வரும். பாதி தாளத்தை அதுவே வாசித்துக்கொள்ளும், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

"தங்கச்சி, இதுல இருக்குறது பூராவும் வெளிநாட்டு மேளம். தட்டுனா தகர டப்பா உருளுற மாதிரி இருக்கு. கல்யாணத்துல பெருசுங்க காதப் பொத்திக்கிட்டு ஓடுதுங்க. நம்ம ஊரு அடி வேணும். அதெல்லாம் நீ கம்ப்யூட்டர்லயே செய்வியாமே?"

அப்பா ஹாலில்தான் இருந்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"தோல் மேளமாப்பா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"ஐயையோ, தோலே கிடையாது சார். எல்லாம் கரண்டு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "யாரையாவது அடிக்கச் சொல்லி, அதப் பதிவு பண்றதா?"

"அப்படியும் செய்யலாம்பா. நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒண்ணுமே இல்லாததுலேர்ந்து உண்டாக்கலாம். சைன் அலை இருக்குல்ல, அதுலேர்ந்து ஆரம்பிச்சு. ஆளு யாரும் அடிக்கவே வேணாம். மெஷின்தானே, யாருக்கு என்ன வந்துச்சு?"

சைன் என்ற சொல் அவரைக் கொஞ்சம் இளக்கியது. பலகையில் எத்தனை வருஷம் அந்த வளைவை வரைந்திருப்பார்! "ம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

மென்பொருள் தேடுகிற படலம் ஆரம்பித்தது. கேம் கம்பெனியில் இருந்தவரை அவர்கள் கொடுத்ததை வைத்து வேலை பார்த்தேன், நானாகத் தேர்ந்தெடுத்ததில்லை. முதலில் ஒரு நண்பர் சொன்னாரென்று ஒரு பெரிய ஒலிக் கிடங்கை இறக்கினேன். உலகத்திலுள்ள மேளங்களையெல்லாம் அந்தந்த ஊரில் போய்ப் பதிவு செய்து அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். கரண்டு போய்ப் போய் வந்து, அது இறங்கி முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. திறந்து பார்த்தால் இந்தியக் கிராமம் என்று ஒரு பிரிவு. அதற்குள் சாவு என்று ஒரு உட்பிரிவு. சனியன், அதைத் தொடாமல் விட்டிருக்கலாம், தொட்டேன். பறைதான். நல்ல அடி. அடிக்கும் அடிக்கும் நடுவில், மிகவும் மெல்லிசாக, ஒரு ஆள் இருமுகிறார்.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை. அடிக்கிறவர்தான் இருமுகிறார். அவர் யார், எந்த ஊர், ஒரு விவரமும் கிடையாது. உலகத்தில் எவன் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த மனுஷன் எழுந்து வந்து அடித்துவிட்டு, இருமிவிட்டுப் போக வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிடங்கு முழுவதையும் அழித்துவிட்டுக் கீழே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

இரண்டாவது, இலவசமாகக் கிடைக்கிற ஒரு டிரம் சிந்தசைசர். இதில் யாருடைய பதிவும் கிடையாது. ஒரு சைன் அலையை எடுத்து, அதன் சுருதியைச் சட்டென்று கீழே இறக்கினால் 'தும்' என்று ஒரு அடி வரும். அதன் முகத்தில் கொஞ்சம் இரைச்சலைத் தூவினால் குச்சி பட்ட மாதிரி இருக்கும். குமிழ்கள் கொஞ்சம்தான், பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடியது. டான்ஸ் பாட்டுக்கு அருமை. ஆனால் பறைக்கு எவ்வளவு திருகினாலும் கிணற்றில் தேங்காய் விழுந்த மாதிரியே இருந்தது. தோல் என்பது ஒரு சுருதியில் நிற்பதில்லை. நடுவில் ஒன்று பேசும், ஓரத்தில் ஒன்று பேசும், இரண்டும் உரசிக்கொள்ளும். இந்த மென்பொருளுக்கு அந்தச் சண்டையே தெரியாது. ஹெட்போன் இல்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், அம்மா கீழேயிருந்து கத்தினாள்: "ஏன்டி, மாடியில என்ன, கிரைண்டர்ல கல்லு மாட்டிக்கிச்சா?"

மூன்றாவதுதான் வினை. அது சத்தத்தைச் செய்வதில்லை, மேளத்தையே கணக்கில் செய்கிறது. தோல் எவ்வளவு இறுக்கம், எவ்வளவு கனம், வளையம் எவ்வளவு அகலம், குச்சி எந்த இடத்தில் படுகிறது, எவ்வளவு வேகத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நாம் சொன்னால், அப்படி ஒரு மேளம் இருந்தால் அது எப்படி அதிரும் என்று சமன்பாடு போட்டுச் சத்தமாகக் கொடுக்கும். லேப்டாப்பின் ஃபேன் ரைஸ் மில் மாதிரி கத்தியது. வாங்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கிற பதிப்பு என்பதால் நடுநடுவே 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சலை வேறு அதுவாகப் போடும். அண்ணன் வெட்டவெளியில் வைக்கப்போகிற சத்தம், ஸ்பீக்கரில் கேட்டால்தான் தெரியும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். இறுக்கத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தபோது படியில் காலடிச் சத்தம். அப்பா கதவருகில் நின்றார்.

திட்டப்போகிறார் என்று ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அது இல்ல" என்றார்.

"என்னப்பா?"

"ஈரத் தோலு மாதிரி கெடக்கு. இன்னும் சூடு காட்டணும்."

இறுக்கத்தை ஏற்றினேன். "நடுவுல அடிக்காத, கொஞ்சம் ஓரத்துக்கு வா" என்றார். குச்சி படும் இடத்தை நகர்த்தினேன். "ரெண்டு குச்சியும் ஒண்ணா விழாது. நீளக் குச்சி ஒரு பொடி பின்னால வரும்." அதையும் தள்ளி வைத்தேன். மறுபடி போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா" என்றார்.

அவருடைய விரல்கள் கட்டில் சட்டத்தில் தானாகத் தட்ட ஆரம்பித்தன. துள்ளலான ஒரு தாளம். "இது அம்மனுக்கு அடிக்கிறது. சந்தோஷத்துக்கு அடிக்கிறது. இதையும் அவருதான் அடிச்சாரு. எனக்கு மறந்தே போச்சுன்னு நெனச்சிருந்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தன் அப்பாவை நினைத்து ஏங்கி நான் பார்த்ததே இல்லை. அந்தத் தாளத்தை அப்படியே பிடித்து உள்ளே ஏற்றினேன்.

அம்மா படிக்கட்டின் கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டாள். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மனுஷன் மூடி வச்சிட்டு நிம்மதியா இருந்தாரு. ஏன்டி கெளறுற?" எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இருந்தாலும் அந்த மூன்றாவதையே வாங்கினேன். அப்பாவின் காது தேர்ந்தெடுத்த பிறகு மற்ற இரண்டையும் என்ன செய்வது?

அண்ணன் வாங்க வந்த அன்று அப்பா அவரை எதிரில் உட்கார வைத்தார். "கல்யாணம், காதுகுத்து, திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா. எங்க வேணா போகட்டும். சாவுக்குப் போகக் கூடாது. ஒண்ணே ஒண்ணுதான்."

"சார், கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணவா?"

"வேணாம்பா. சொன்னா போதும்."

"போகாது சார்."

ஆவணி முகூர்த்தங்களில் எங்கள் பறை அந்த வட்டாரத்தையே கலக்கியது. அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பாமல், ஸ்பீக்கர் பக்கமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் என்று அம்மா வந்து சொன்னாள். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். நான்தான் நிம்மதியாக இல்லை. ஒரு நாள் யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பினார்கள், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கல்யாணம், அதில் எங்கள் பறை. அண்ணனுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன்.

"மச்சான் கடை தங்கச்சி. ஆசையா கேட்டான், போன்ல அனுப்பினேன். அவன் ரெண்டு பேருக்குக் குடுத்திருப்பான். நல்ல சாமான்னா நாலு ஊருக்குப் போகத்தானே செய்யும்?"

"சாவுக்குப் போகாதுல்ல?"

"அட, அதான் சொன்னேன்ல."

அப்பாவிடம் வீடியோவைக் காட்டினேன். "அவ்வளவு தூரம் போயிருச்சா?" என்று கேட்டார். பெருமையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாக நின்றது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. ஆளாளுக்கு மண்வெட்டியோடு வரப்பை வெட்டி வடியவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மழையில்தான் பெரிய வீட்டு ஐயா செத்துப்போனார். அப்பா தீயில் பறையை வைத்த அன்றைக்குச் செத்த கிழவரின் மகன் இவர். அப்பா காலையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு போய் மாலை போட்டுவிட்டு வந்தார். இப்போதெல்லாம் அந்த வீட்டில் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள், காபி கொடுக்கிறார்கள். "பாவம், படுக்கையிலயே கெடந்து ரொம்ப கஷ்டப்பட்டுட்டாரு. போய்ச் சேந்ததே நல்லதுதான்" என்றார். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோற்றைப் போட்டு, சாம்பார் கரண்டியை எடுத்தாள்.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் உறுமல் கேட்டது. அடுத்து அடி.

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. மெதுவான அடி, இழுத்து இழுத்து விழுந்தது. நீளக் குச்சி ஒரு பொடி பின்னால் வந்தபோதுதான் உறைத்தது. அம்மனுக்கு அடிக்கிற அந்தத் தாளத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். பேட்டில் அது ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. நான் அப்பாவைப் பார்க்குமுன்பே அப்பாவின் கை தட்டிலிருந்து விலகிவிட்டது. அவருக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மெயின் ரோட்டில் மதகுக்குப் பக்கத்தில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பாடைக்கு முன்னால் ஆள் யாரும் இல்லை. தார்ப்பாய் போர்த்திய ஒரு குட்டி லாரி, அதன்மேல் இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஓரத்தில் பேட்டை மடியில் வைத்துக்கொண்டு நனைந்த கோழி மாதிரி அண்ணன்.

"அண்ணே! நிறுத்துங்க! இப்பவே நிறுத்துங்க!"

"தங்கச்சி, இங்க வேணாம்மா… பேண்டு செட்டு வேன் திருக்காட்டுப்பள்ளிக்கு அந்தாண்ட தண்ணியில நின்னுபோச்சு. மேளமில்லாம எப்படித் தூக்குறதுன்னு வீட்டுப் பொம்பளைங்க ஒரே அழுகை. என் கடை அவங்க கட்டடத்துல இருக்கு. நான் என்னம்மா பண்ணுவேன்?"

"முடியாதுன்னு சொல்ல மாட்டீங்க? எங்கப்பா எதிர்ல உக்காந்து போகாதுன்னு சொன்னீங்களே, வெக்கமா இல்ல?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "யாரு அடிச்சா, நீயே சொல்லு! உங்க தெருவுல ஒருத்தரக் கூப்பிட்டோமா? ஒரு ஆளு கை வலிச்சுதா? மெஷின்தானே, யாருக்கு என்ன வந்துச்சு?"

ஆடி மாதம் அப்பாவிடம் நான் சொன்ன அதே பேச்சு. ஆத்திரத்தில் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைப் பிடித்துவிட்டேன். கூட்டத்திலிருந்து யாரோ, "எந்த வீட்டுப் பொண்ணு இது?" என்று அதட்டினார்கள். செத்தவரின் மகள் பாடைக்குப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவள். முகமெல்லாம் மழையும் கண்ணீரும்.

"விட்டுருடி. அப்பாவுக்கு மேளமாவது இருக்கட்டும்டி" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுடைய அப்பா செத்துப்போயிருக்கிறார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஒயரைப் பிடுங்க என் கை வரவில்லை. லாரி நகர்ந்தது. அந்தச் சத்தம் என்னைக் கடந்து போகிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அவள்மேலும் கோபம், அண்ணன்மேலும் கோபம், என்மேல்தான் தாங்க முடியாத கோபம்.

வீட்டுக்கு வந்து, ஈரத் துணியோடு மாடிக்குப் போய், எல்லாவற்றையும் அழித்தேன். தோல், குச்சி, வளையம், தாளம், மென்பொருளே வேண்டாமென்று அதையும் எடுத்தேன். ஜன்னல் வழியாக அடி கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மனுஷன் அடித்தால் நடுவில் கை மாற்றுவான், மூச்சு வாங்குவான். இது ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

கீழே அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"அழிச்சுட்டேன்பா" என்றேன்.

"இங்க அழிச்ச."

"அப்பா, நான் வேணும்னு…"

"உன்னை ஒண்ணும் சொல்லலம்மா." குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அன்னைக்கு நான் வராதுன்னு சொன்னேன். சொன்னதுக்கு நம்ம வீட்ல ஒரு போகம் பட்டினி கெடந்தாங்க. கெடந்தாலும் சொல்ல முடிஞ்சுது. எனக்கு வாய் இருந்துச்சு. நீ செஞ்சதுக்கு எல்லாம் குடுத்த. தோலு குடுத்த, குச்சி குடுத்த, எங்கப்பா கையவே குடுத்த. நானும் கூட உக்காந்து குடுத்தேன். வரமாட்டேன்னு சொல்ல ஒரு வாய் மட்டும் குடுக்கல."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா என்னைத் தேற்றவில்லை. ரோட்டுப் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தார். அடி இப்போது சுடுகாட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஆனது ஆச்சு. சோறு ஆறிப்போவுது, ஒரு வாய் சாப்பிடுங்க."

"எங்கப்பா சாவுக்குப் போனாருன்னா, திரும்பி வந்து வாய்க்கால்ல முழுகி எழுந்து வீட்டுக்குள்ள கால வைக்கிற வரைக்கும் நாங்க யாரும் சோத்துல கை வைக்க மாட்டோம்" என்றார் அப்பா. அம்மாவுக்கே இது புதுச் செய்தி. கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இது எப்பம்மா திரும்பி வரும்?"

அம்மா தட்டை எடுத்து மூடி வைத்தாள்.